எந்தக் குளிரில் உடைப்பது?

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சம்மட்டி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நாளடைவில் முகத்துக்கு நேராகவே "சம்மட்டி மேடம்" என்று கூப்பிடும் அளவுக்கு அது பழகிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்பட வேறு நிறைய விஷயங்கள் இருந்தன.

அவள் வேலை இரும்பை உடைப்பது. பாலத்துக்கும் கட்டடத்துக்கும் போகிற தகடுகளிலிருந்து விரல் அளவுக்குத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் கூராக ஒரு வெட்டுப் போட்டுக் கொண்டுவருவார்கள். ஆள் உயர இயந்திரம் ஒன்றில் கனத்த சுத்தியல் ஊசல்போலத் தொங்கும். அதை உயர்த்தி நிறுத்தி, துண்டை அதன் பாதையில் வைத்து விட்டால் ஒரே அடி. துண்டை உடைத்துவிட்டு அந்தப் பக்கம் சுத்தியல் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து முள் கணக்குச் சொல்லும். சுத்தியல் தளர்ந்துபோய்க் கொஞ்சமாக ஏறினால், இரும்பு அடியை நன்றாக உள்வாங்கியிருக்கிறது. வீசிக்கொண்டு மேலே போனால், அந்த இரும்பு சண்டை போடாமலே கையைத் தூக்கிவிட்டது.

இதை அவள் உறவுக்காரர்களுக்கு விளக்கி விளக்கி ஓய்ந்துபோயிருந்தாள். எங்கே போனாலும் யாராவது ஒருவர் வந்து, "அப்ப நல்ல ஸ்ட்ராங்கான இரும்பா பாத்துச் சொல்லேன், வீட்டு கேட்டுக்குப் போடணும்" என்பார்.

"ஸ்ட்ராங்கா இருக்கறது வேற, தாக்குப்பிடிக்கறது வேற" என்று அவள் ஆரம்பிப்பாள். "கண்ணாடிமேல பாரம் வைங்க, தாங்கும். ஒரு கீறல் போட்டு லேசாத் தட்டுங்க, போச்சு. இரும்புலயும் அந்த மாதிரி உண்டு. அதுவும் குளிர்ல."

"இரும்புக்குமா குளிரும்?"

கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

வீடு இரண்டு தளம். மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழே அவளும் அவள் கணவரும். அண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தார். கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஆண்கள் இருவரும் சாதுக்கள். அண்ணிதான் அந்த வீட்டில் அவளுக்குச் சரிசமமான ஆள். பாலங்கள் வடிவமைக்கிற அலுவலகத்தில், எந்த இரும்பு, என்ன கனம், என்னென்ன சோதனை என்று விவரக்குறிப்பு எழுதுவது அண்ணியின் வேலை. ஒருத்தர் எழுதுகிறார், ஒருத்தி உடைக்கிறாள், சாப்பாட்டு மேசையில் நன்றாகப் பேசிக்கொள்வார்கள் என்று வெளியாட்கள் நினைத்தார்கள். உண்மையில் அலுவலகப் பேச்சை வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று இரண்டு பேருமே வைத்திருந்தார்கள். நாத்தனார் உறவே போதும், அதற்குமேல் இரும்பு எதற்கு என்று.

அந்தப் பாலம் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மலைமேல், ஆழமான ஒரு பள்ளத்தின் குறுக்கே வரவேண்டிய பாலம். குளிர்காலத்தில் அங்கே குழாய்த் தண்ணீரே உறைந்துபோகும். அதற்கான தகடுகள் மூன்று விரல் கனம். தகடுகளை வெட்டி ஒட்டி உத்தரங்களாகச் செய்கிற யார்டிலிருந்து சோதனைக்கு வந்த குறிப்பில், அறை வெப்பநிலையில் உடைத்துப் பார்க்கவும் என்று இருந்தது.

சம்மட்டி உடைத்தாள். பாஸ். ஆனால் மனசு கேட்கவில்லை. மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், இந்தப் பாலம் எங்க வருதுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"அங்க மைனஸ்ல போகும் சார். நாம இங்க ஃபேனைப் போட்டுக்கிட்டு உடைச்சுப் பாத்து, பாஸ்னு குடுக்கறோம்."

"கேட்டது அதானே மேடம்?"

"கேட்டதே தப்பா இருந்தா?"

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சை முடிக்க நினைத்தால் அவர் செய்வது அது. "ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லி டாக்டர் அனுப்பறாரு. லேப்காரன் இதயத்தையும் சேத்துப் பாத்தேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"இதயம் நின்னுடும்போல தெரிஞ்சா சொல்லணும்ல சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேண்டுமானால் யார்டுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள் என்றார். அனுப்பினாள். யார்டில் அதைப் படிக்காமலே இரும்பு வியாபாரிக்குத் தள்ளிவிட்டார்கள். சான்றிதழ் தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்த வியாபாரி, ஏற்கெனவே கொடுத்த சான்றிதழையே இன்னொரு முறை அனுப்பிவைத்தார். அவள் இன்னும் விளக்கமாக எழுதினாள். "முன்பே பாஸ் ஆகிவிட்டதே, பிறகு என்ன சந்தேகம்?" என்று பதில் வந்தது. மூன்றாவது முறை, "விவரக்குறிப்பைப் பார்க்கவும்" என்று ஒரே வரி. அரைத்த மாவையே அரைத்தாலும் மாவாவது மிஞ்சும். இதில் அதுவும் இல்லை.

எரிச்சல் தாங்காமல் ஒரு காரியம் செய்தாள். மீந்து கிடந்த தகட்டுத் துணுக்கிலிருந்து மெஷினிஸ்டிடம் சொல்லி மூன்று துண்டு வெட்டச் சொன்னாள். ஸ்பிரிட் தொட்டியில் உலர்பனியை, அதாவது டிரை ஐஸைப் போட்டு, மைனஸ் இருபதுக்குக் குளிரவைத்து உடைத்தாள். சுத்தியல் காற்றில் போவதுபோலப் போயிற்று. உடைந்த முகம் தட்டையாக, சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோலப் பளபளவென்று இருந்தது. துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு அந்த விவரக்குறிப்பையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் அண்ணியின் அலுவலகப் பெயர் இருந்தது. உள்ளே, தாக்குப்பிடிப்பு என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு வாக்கியம்: "தகடுகள், பாலம் அமையும் இடத்தின் தட்பவெப்பத்துக்குப் போதுமான தாக்குப்பிடிப்பு கொண்டிருக்க வேண்டும்." எத்தனை டிகிரி என்று இல்லை. எந்த அளவு என்று இல்லை. யார்டில் எண்ணைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள், கிடைக்கவில்லை, போன வேலைக்கு எழுதியதையே இதற்கும் எழுதிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அன்று சம்மட்டி தட்டுக்குப் பக்கத்தில் கைக்குட்டையைப் பிரித்து வைத்தாள்.

"இது என்ன பாப்பா?" என்றார் அண்ணன்.

"அண்ணியோட பாலம்."

அண்ணி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை. "எத்தனை டிகிரி?"

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்க வந்தேன். போதுமானன்னு எழுதியிருக்கீங்களே, போதுமானன்னா எத்தனை டிகிரி அண்ணி?"

"அந்த இடத்துக்கு என்ன வேணுமோ அது. அதுகூடத் தெரியாதவன் எதுக்கு யார்டு நடத்தறான்? புரியலைன்னா கேக்கணும்."

"கேட்டாங்க. அவங்க இல்ல, நான் கேட்டேன். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் உங்க பேப்பரைப் பாருன்னு பதில் வந்துச்சு. பேப்பரைப் பாத்தா வழவழா கொழகொழான்னு இருக்கு."

அண்ணன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் தண்ணீர் குடித்தார், தாகம் இல்லாமலே.

"நம்பர் போட்டு எழுதிப் பாரு, அப்ப தெரியும்" என்றார் அண்ணி. "அந்த நம்பருக்கு இரும்பு கிடைக்கலைன்னு நாலு பேர் வந்து நிப்பாங்க. போடலைன்னா நீ வந்து நிக்கற. நான் எங்கதான் போறது?"

"சாப்பிடற இடத்துல..." என்று கணவர் இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை நின்றது. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், ஒருவர் கைப்பிடியைப் பார்ப்பார். செய்தி எல்லாம் கணவர் வழியாகத்தான் போய்வந்தது. அவர் பாவம், பஸ் நேரத்தைத் தவிர வேறு எண்ணோடு பழகாத மனிதர்.

"மச்சான், உங்க தங்கச்சி மைனஸ் இருபதுன்னு சொல்லச் சொன்னா. அக்காகிட்ட சொல்லிடுங்க."

"எது மைனஸ் இருபது மாப்ளை?"

"அது தெரியலை மச்சான். அந்த நம்பரை மட்டும் சொல்லச் சொன்னா."

மாடியிலிருந்து பதில் வராது. கீழே சம்மட்டி பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைப்பாள்.

ஆனால் அண்ணி சும்மா இருக்கவில்லை என்பது ஒரு காலைப்பொழுதில் தெரிந்தது. அவர் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து நின்றார், கையில் சுருட்டிய வரைபடத்தோடு. சம்மட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணி உட்காரவில்லை. எதிரே சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த வாக்கியத்தை எழுதும்போது தகடு ஒண்ணரை விரல் கனம்தான். அப்புறம் பாலத்தோட நீளத்தைக் கூட்டினாங்க, கனத்தை ரெண்டு மடங்காக்கிட்டாங்க. வரைபடத்தை மாத்தினவங்க என் பக்கத்தைத் தொடவே இல்லை. நானும் திரும்பப் பாக்கலை."

கனம் கூடக்கூட இரும்பு இழுபட்டு நெளிந்து கொடுப்பதற்கு உள்ளே இடமில்லாமல் போகும். மெல்லிய தகட்டில் வளைந்து சமாளிக்கிற அதே இரும்பு, தடித்த தகட்டில் ஒரு சின்ன விரிசலுக்குக்கூடச் சட்டென்று பிளந்துவிடும். அதனால் கனமான தகடு என்றால் இன்னும் கடுங்குளிரில் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். அதனால் யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

"சரி, அந்தத் துண்டைக் காட்டு" என்றார் அண்ணி. சம்மட்டி எடுத்துக் கொடுத்தாள். அண்ணி கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். "இது தகட்டுல எந்தத் திசையில வெட்டினது?"

சம்மட்டிக்குக் காது சூடேறியது. "குறுக்க."

"எங்க இருந்து?"

"ஓரத்துல இருந்து."

"கேஸ்ல வெட்டின ஓரமா?"

"ஆமா. மீந்த துணுக்கு அவ்வளவுதான் இருந்துச்சு."

அண்ணி துண்டை மேசையில் வைத்தார். மரத்துக்கு வரி இருப்பதுபோல் உருட்டிச் செய்த தகட்டுக்கும் திசை உண்டு. குறுக்கே வெட்டினால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். தீயில் வெட்டிய ஓரமோ, வெந்து குணம் மாறிப்போன இடம். இதே துண்டுகளை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால், செல்லாது என்று சம்மட்டியே திருப்பி அனுப்பியிருப்பாள்.

"இதை வச்சுக்கிட்டா என்னைச் சாப்பாட்டு மேசையில நிக்க வச்சே?" என்றார் அண்ணி. குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "நான் இதைக் கொண்டுபோய் எங்க ஆபீஸ்ல வச்சா, முதல் கேள்வியிலயே என்னை உக்கார வச்சிடுவாங்க."

"சரியா வெட்டித் தரச் சொல்றேன்" என்றாள் சம்மட்டி. அண்ணி சொன்னது நியாயம் என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

யார்டு ஃபோர்மேனைப் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. தகடு வெட்டும் மேசையில் ஏறிவிட்டது, இனி துண்டு எடுக்க முடியாது என்றார். பிறகு எடுக்கலாம், ஆனால் எழுத்தில் வேண்டும் என்றார். எழுத்தில் போனதும், போனில் சொல்லியிருந்தாலே போதுமே என்றார். கடைசியில் இரண்டு பேரும் நேரே போய் நின்றார்கள். "துண்டு இரும்புக்கு ரெண்டு மேடம் வந்து நிக்கறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே தகடுகளின் மேல் குத்தியிருந்த எண்களைக் காட்டினார். அப்போதுதான் தெரிந்தது, தகடுகள் எல்லாம் ஒரே முறை உருக்கி எடுத்தவை அல்ல. இரண்டு வேறு உருக்கு. முதலாவதில் வந்த தகடுகளைப் பாதி ஒட்டியாகிவிட்டது. மற்றதை வெட்டித்தான் வைத்திருந்தார்கள். இரண்டிலிருந்தும் நீளவாக்கில், சரியான ஆழத்திலிருந்து துண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

உடைக்கிற அன்று அண்ணியும் வந்தார். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தொட்டியிலிருந்து வெண்புகை வழிந்து தரையில் ஊர்ந்தது. துண்டை இடுக்கியால் எடுத்தால் ஐந்து எண்ணுவதற்குள் அடி விழவேண்டும். தாமதித்தால் துண்டு சூடேறிவிடும், கணக்கு பொய்யாகிவிடும். சம்மட்டி எடுத்தாள், வைத்தாள், விட்டாள். தொம்மென்று ஒரு மந்தமான சத்தம். துண்டு முழுக்கப் பிரியாமல், மடங்கி, சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தொங்கியது. முதல் உருக்கின் மூன்று துண்டுகளும் அப்படியே. அருமையான இரும்பு. ஒட்டியிருந்த பாதிப் பாலத்துக்கு ஆபத்து இல்லை.

இரண்டாவது உருக்கு. எடுத்தாள், வைத்தாள், விட்டாள். டிக் என்றது. அவ்வளவுதான். இரண்டு பாதிகளும் வலைக்குள் பறந்து விழுந்தன. சுத்தியல் அதுபாட்டுக்கு மேலே போயிற்று.

அண்ணி குனிந்து வலைக்குள் கிடந்த பாதிகளைப் பார்த்தார். மூன்றும் முடிந்ததும், "இன்னொண்ணு உடைச்சுக் காட்டு" என்றார்.

"கணக்குக்கு மூணு போதும் அண்ணி."

"கணக்குக்கு இல்ல. எனக்கு. இத்தனை வருஷமா இதைப் பத்தி எழுதறேன், இந்தச் சத்தத்தை இப்பதான் கேக்கறேன்."

உபரியாக வைத்திருந்த துண்டை எடுத்துச் சம்மட்டி உடைத்துக் காட்டினாள். மறுபடியும் டிக். அண்ணி கண்ணாடியைக் கழற்றி, அது பதித்த தடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்து நடந்த கூட்டத்தைப் பற்றிப் பேசினால் சம்மட்டிக்கு இன்றும் தலைவலி வரும். பாலம் கட்டிக்கொள்கிற துறையின் அதிகாரி, யார்டுக்காரர், அண்ணியின் அலுவலகத் தலைவர் எல்லோரும் இருந்தார்கள். சோதித்தவள் என்ற முறையில் அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். உடைந்த துண்டுகளை மேசைமேல் வைத்ததும் அதிகாரி பளபளக்கிற துண்டைக் கையில் எடுத்தார்.

"இது நல்லா கிளீனா இருக்கே. இதையே எல்லாத்துக்கும் வாங்கிடலாமே?"

அண்ணி மெதுவாகச் சொன்னார். "சார், அதுதான் சார் ஆகாதது."

"அப்படியா? அந்த இன்னொண்ணு பிஞ்சுபோன மாதிரி இருக்கு."

"பிஞ்சு பிஞ்சு வரணும் சார். அதான் நல்லது."

அவர் நம்பாதவர்போல இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். யார்டுக்காரர் இதுதான் சமயம் என்று, "குளிர்தானே பிரச்சினை? பெயின்ட்டைக் கொஞ்சம் கனமா அடிச்சுக் குடுத்துடறோம்" என்றார். யாராவது சிரிப்பார்கள் என்று சம்மட்டி பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அலுவலகத் தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பேச்சு சுற்றிச் சுற்றி, தவறு யாருடையது என்பதில் வந்து நின்றது. வியாபாரி சான்றிதழ் கொடுத்தார், யார்டு கேட்டதைச் சோதித்தது, கூடம் சொன்னதை உடைத்தது. ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். அப்போது அண்ணி எழுந்து நின்றார்.

"நான் எழுதினது தெளிவா இல்லை. போதுமானன்னு எழுதினேன். எது போதும்னு எழுதலை. அதைச் சரி பண்ணிக் குடுக்கறேன். ஆனா அந்த ரெண்டாவது உருக்குத் தகடு இந்தப் பாலத்துல ஏறக் கூடாது. ஏத்தறதா இருந்தா என் கையெழுத்தை எடுத்துடுங்க."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் சம்மட்டி வாரக்கணக்காகக் காத்திருந்தாள். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் தனியாக நிற்கிற அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கலாம்போல் இருந்தது. அதற்குப் பதிலாக அவளும் எழுந்தாள்.

"முதல்ல நான் உடைச்ச துண்டும் தப்பான துண்டுதான்" என்றாள், யாரும் கேட்காமலே. "இப்ப உடைச்சது சரியானது. வேற கூடத்துல குடுத்து வேணா பாத்துக்குங்க."

வேறு கூடத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். அதே பதில். அந்தத் தகடுகள் உற்பத்தி செய்த ஆலைக்கே திரும்பிப் போயின. அங்கே மறுபடியும் உலையில் ஏற்றிச் சூடாக்கி, காற்றில் ஆறவிட்டு, இரும்புக்குள் பருமனாக இருந்த படிக மணிகளை நுண்ணியதாக்கி அனுப்பினார்கள். மறுசோதனையில் பாஸ் ஆயின, ஒரே ஒரு துண்டு தட்டுத்தடுமாறி. பாலம் தாமதமாக எழுந்தது. தாமதத்துக்குப் பரிசோதனைக் கூடம்தான் காரணம் என்று பேச்சு அடிபட்டதாக மேலாளர் வந்து சொன்னார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. பாலம் விழவில்லை என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. நடக்காத ஒன்றை யார் பேசுவார்கள்?

அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பதிலாகப் போடவேண்டிய புதிய விதியை மாடியில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். சேர்ந்து எழுதினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சண்டை. எத்தனை டிகிரியில், எந்தக் கனத்துக்கு, எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்திலிருந்து, ஒவ்வோர் உருக்குக்கும் எத்தனை துண்டு, வரைபடத்தில் கனம் மாறினால் யார் யாரிடம் சொல்ல வேண்டும். காகிதம் காகிதமாகக் கிழித்துப் போட்டார்கள். கணவர் மூன்றாம் முறை டீ கொண்டுவந்து வைத்து, "போதுமா?" என்றார்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க" என்றார் அண்ணி.

அண்ணன் சிரித்துவிட்டார். வெகு நாட்களுக்குப் பிறகு அந்த மேசையில் கேட்ட சிரிப்பு. சம்மட்டியும் சிரித்தாள், கோபத்தை விடாமலே.

விதி நன்றாக அமைந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. நன்றாக எழுதிய ஒன்றை யாரும் சும்மா விடமாட்டார்கள். அடுத்த குளிர்காலத்துக்குள் அது அலுவலகம் அலுவலகமாக நகலெடுத்துப் பரவிவிட்டது. ஒருநாள் கூடத்துக்கு ஒரு வேலை வந்தது. மெல்லிய தகடு. சோதனை மைனஸ் இருபதில். சம்மட்டி குறிப்பைப் புரட்டினாள். அவர்கள் இருவரும் சண்டை போட்டு எழுதிய வாசகம், ஒரு புள்ளி மாறாமல். நடுவில் அந்த மலைப் பாலத்தின் பெயரைக்கூட எடுக்க மறந்திருந்தார்கள். அனுப்பிய பொறியாளருக்குப் போன் செய்தாள்.

"சார், இந்தத் தகடு எதுக்குங்க?"

"படிக்கட்டுக்கு மேடம்."

"எங்க வர்ற படிக்கட்டு?"

"பாய்லர் ரூம்ல."

அவள் குறிப்பை இன்னொரு முறை பார்த்தாள். "பாய்லர் ரூம்ல என்னிக்காவது மைனஸ் இருபது வருங்களா சார்?"

"எப்படி மேடம் வரும்? நின்னா வேர்த்துக் கொட்டும்."

"அப்புறம் எதுக்கு சார் இந்த சோதனை?"

"ஸ்பெக்ல தெளிவா இருக்கே மேடம். நீங்க டெஸ்ட் பண்ணிக் குடுங்க."

தெளிவாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டவளே அவள்தான். உலர்பனி வரவழைத்தாள். தொட்டியில் புகை வழிந்தது. உடைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். கதையை முழுக்கக் கேட்டார். மடித்த துணிகளின் மேல் அப்படியே தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார்.

"பாஸா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"பிரமாதமா பாஸ் அண்ணி. அந்தப் படிக்கட்டைத் தூக்கிப் பனிமலையில போட்டாலும் நிக்கும்."

"நாளைக்கு அந்தாளு நம்பரைக் குடு" என்றார் அண்ணி. "நான் பேசறேன்."

"கேக்கமாட்டாரு."

"தெரியும்."

சம்மட்டி எதிரே உட்கார்ந்து, மீதித் துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள்.